பதினோராம் பொருத்தம்

நாஞ்சில் மேழி சமுதாய நலச் சங்கத்துக்கு ஒரு கல்யாண மண்டபம் உண்டு. ஒரு தலைவர் உண்டு. தலைவருக்கு ஒரு சால்வை உண்டு. மண்டபம் எதற்கு என்பது தாணுலிங்கத்துக்குத் தெரியும். தலைவர் எதற்கு என்பது பாதி தெரியும். நாகர்கோவில் வெயிலில் அந்தச் சால்வை எதற்கு என்பதுதான் ஐம்பத்தேழு வயது வரைக்கும் அவருக்கு விளங்கவே இல்லை.

விளங்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. ஒன்றரை ஏக்கர் வயல், வடசேரியில் ஒரு விதைக்கடையில் வேலை, சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் வீடு. சங்கத்தோடு அவருக்கு உள்ள சகவாசம், மற்றவர்கள் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதோடு சரி.

மகள் ஹரிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் நிலைமை மாறியது. ஹரிதா இரணியலில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். மாப்பிள்ளை பிரதீஷ் முப்பந்தல் பக்கம் காற்றாலையில் டெக்னீசியன். தினமும் காலையில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் அவள் மேற்கே போகிற பஸ்ஸுக்கும் அவன் கிழக்கே போகிற பஸ்ஸுக்கும் காத்து நிற்பார்கள். இரண்டு வருஷம் நின்றதில், எந்த பஸ்ஸும் சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்று இருவருக்குமே தோன்றிவிட்டது. வீட்டில் சொன்னார்கள். சமுதாயம் ஒன்று, ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். ஆவணியில் நாள் குறித்தாயிற்று. மறுப்பதற்கு யாருக்கும் ஒரு காரணமும் இல்லை. அப்படி ஒரு கல்யாணத்தைச் சங்கம் சும்மா விட்டுவிடுமா?

சங்கத்தில் அந்த வருஷம் பதினோராம் பொருத்தம் அமலுக்கு வந்திருந்தது. அது வந்த கதை சுருக்கமானது. பக்கத்து ஊர் மண்டபத்துக்காரர்கள் ஏசி போட்டுவிட்டார்கள். பதிலுக்கு நாம் என்ன போடுவது என்று செயற்குழு நான்கு தடவை கூடியது. நான்கு தடவையும் உளுந்தவடை சாப்பிட்டது. கடைசியில் அறிவியல் போடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏசிக்குக் கரண்ட் வேண்டும். அறிவியலுக்கு அது வேண்டாம்.

அதன்படி, இனிமேல் சங்க மண்டபத்தில் கல்யாணம் நடக்க வேண்டுமானால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு சிறு குழாயில் எச்சில் துப்பிக் கொடுக்க வேண்டும். அது வெளியூர் லேபுக்குப் போய் மரபணு ரிப்போர்ட்டாகத் திரும்பி வரும். சங்கம் பார்த்துப் பொருத்தச் சான்று கொடுக்கும்.

சான்று வேண்டாம், வேறு மண்டபம் பார்த்துக்கொள்கிறோம் என்று தாணுலிங்கம் சொல்லியிருக்கலாம். ஆனால் பிரதீஷின் அப்பா சங்கத்தின் ஆயுள் உறுப்பினர். மழை பெய்கிறது என்று சங்கம் சொன்னால் வானத்தைப் பார்க்காமலே குடையை விரிக்கிற மனிதர். சங்கம் சான்று தராத பெண்ணை அவர் மருமகளாக ஏற்க மாட்டார். போதாததற்குச் சங்கத்தில் ஒரு வழக்கமும் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் தாலியைக் கொண்டுபோய்த் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும். அது சங்க அலுவலகத்தின் இரும்புப் பெட்டியில், ஸ்தாபகர்கள் படத்துக்குக் கீழே, ஓர் இரவு இருக்கும். மறுநாள் தலைவர் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை கட்டலாம். அந்தக் கை பட்ட தாலிதான் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பரப்பியதும் அந்தக் கைதான்.

ஆனி மாதத்தில் ரிப்போர்ட் வந்தது. சங்க அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். தலைவர் பகவதிப்பெருமாள் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாதேவன் ஜோசியர். பதினோராம் பொருத்தம் வந்த பிறகு அவர் மரபணுப் பொருத்த ஆலோசகர். போர்டு பழையதுதான், அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார். மூலையில் டைப் அடிக்கிற அஜிதா.

"இரியும்வே தாணு" என்றார் தலைவர். "பயப்படாண்டாம். மாப்பிள்ளைக்க ரிப்போர்ட்டைப் பாரும். நூத்தியெட்டு மரபணு, நூத்தியெட்டும் சுத்தம். ஒரு கீறல் கெடையாது. தங்கம்னா தங்கம்."

"நல்லது அண்ணாச்சி."

"உம்ம மகளுக்கதுல ஒண்ணு கெடக்கு."

"என்னது கெடக்கு?"

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு துக்கச் செய்தியை வாசிக்கிற குரலில் சொன்னார். "மறதி நோயோட சம்பந்தப்பட்ட ஒரு மரபணு உண்டாம். அதுல உம்ம மகளுக்கு ஒரு மாற்றம் இருக்கு."

தாணுலிங்கத்துக்குக் காது அடைத்தது. மூலையில் இருந்து அஜிதா மெதுவாகச் சொன்னாள். "சார், அந்த வரியிலயே பாதிப்பில்லாத மாற்றம்னு போட்டிருக்கு. அப்புறம் மாப்பிள்ளைக்க ரிப்போர்ட்..."

"நீ டைப் அடி மக்கா" என்றார் தலைவர்.

மாதேவன் ஜோசியர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எங்க நிக்கு?"

"பதினாலாவது குரோமோசோம்னு போட்டிருக்கு."

"பதினாலு." ஜோசியர் விரல் விட்டு எண்ணினார். "நமக்கு வீடு பன்னிரண்டு. பன்னிரண்டு போக ரெண்டு. ரெண்டாம் வீடு. வாக்கு ஸ்தானம், குடும்ப ஸ்தானம். அங்க வந்து மறதி இருந்திருக்கு." கண்ணைத் திறந்தார். "தாலி கெட்டுனவன் ஆருன்னு கேப்பா."

"குரோமோசோமுக்கும் வீட்டுக்கும் கணக்கு ஒண்ணா ஜோசியரே?" என்று தாணுலிங்கம் பணிவாகத்தான் கேட்டார்.

"எல்லாம் ஒண்ணுதான் ஓய். அவன் மைக்ராஸ்கோப்பு வச்சுப் பாக்கான். நம்ம ஆளுக கண்ணை மூடிக்கிட்டே பாத்தாவ."

இதற்குப் பரிகாரம் உண்டா என்று தாணுலிங்கம் கேட்டார். உண்டு என்றார் ஜோசியர். செவ்வாய் தோஷம் உள்ள பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் உள்ள பையனைத்தானே பார்க்கிறோம்? அதே முறைதான். அதே மரபணுவில் அதே மாற்றம் உள்ள ஒரு பையனைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டால் ஒன்றுக்கு ஒன்று கழிந்து போகும். தங்கம் போல இருக்கிற பிரதீஷை இதில் கொண்டுபோய் மாட்டுவது பாவம். சங்கமே நாலு ஊரிலும் விசாரித்து, சம தோஷ வரன் ஒன்றைத் தேடித் தரும்.

"டைப் அடிச்சிட்டியா மக்கா?" என்றார் தலைவர்.

அஜிதா அடித்துவிட்டாள். வெளியே வந்தபோது தாணுலிங்கத்தின் கையில் சான்று இல்லை என்ற கடிதமும் மகளின் ரிப்போர்ட்டும் இருந்தன. கொண்டுபோன குடை சங்கத்து நாற்காலியிலேயே இருந்தது.

வீட்டில் ஹரிதா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்பா, இதுல ஒண்ணுமே இல்ல. பாதிப்பில்லாததுன்னா பாதிப்பில்லாததுதான். மனுசனாப் பொறந்த எல்லாருக்கும் இந்த மாதிரி நெறைய இருக்கும். நெசமாவே நோய் தரக்கூடிய மாற்றம்னாத்தான் பயப்படணும். அப்பமும் அதே மாற்றம் உள்ளவனைத் தேடிப்பிடிச்சுக் கெட்டணும்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாரு. கழியாதுப்பா. சில நோய்க்கு ஆபத்து கூடத்தான் செய்யும்."

"இது எங்க இருந்து மக்களே வந்திருக்கும்?"

"உங்ககிட்ட இருந்தோ அம்மாகிட்ட இருந்தோ."

யாரிடமிருந்து என்று தாணுலிங்கத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்த வருஷத்தில் அவர் தொலைத்த மூன்றாவது குடை இது. போன மாதம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே கடை முழுக்கத் தேடினார். நோய் தன்னிடம் ஆரம்பித்தாயிற்று, மகளுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. என்றாவது ஒருநாள் அவள் தன்னைப் பார்த்து, நீங்க ஆரு என்று கேட்கப் போகிறாள். இதை நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. கல்யாணம் நின்றுபோவதைவிட இது பெரிய பயம். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டின் நுனியில் முடிச்சுப் போட ஆரம்பித்தார். தேங்காய்க்கு ஒரு முடிச்சு. மாட்டுத் தவிட்டுக்கு ஒன்று. கரண்ட் பில்லுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தால் பத்து முடிச்சு இருந்தது. எந்த முடிச்சு எதற்கு என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

மனைவி பார்வதியம்மாள் துவைக்க எடுத்தபோது துவர்த்து பாதியாகச் சுருங்கி இருந்தது. "என்ன கோலம் இது?" என்றாள்.

"எனக்கு மறதி நோய் பாரு. மரபணு."

"கல்யாணம் ஆயி முப்பது வருசம் ஆவுது. தேங்கா வேண்டிட்டு வாங்கன்னு சொல்லி ஒரு நாளாவது வேண்டிட்டு வந்திருக்கியளா? அன்னைக்கு எந்த மரபணு? சவத்த அவுத்துக் களைங்க."

அவர் அவிழ்க்கவில்லை. மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு டவுனில் டாக்டர் அனிஷைப் பார்க்கப் போனார். டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு நிமிஷம் பார்த்தார். தாணுலிங்கத்தை இரண்டு நிமிஷம் பார்த்தார். தாணுலிங்கம் மூன்று குடையின் கதையையும் சொன்னதும், எதற்கு இப்படிப் பதறி வெப்ராளம் பிடித்து வந்திருக்கிறார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"வயல் இருக்கா உங்களுக்கு?"

"ஒண்ணரை ஏக்கர்."

"வரப்பெல்லாம் நேரா இருக்கா?"

"எங்க இருக்கு! தெக்குப்பக்கம் ஒரு இடத்துல கோணிக்கிட்டு நிக்கும். எங்க அப்பா காலத்துல இருந்தே அப்படித்தான்."

"தண்ணி பாயுதா?"

"அதெல்லாம் பாயும்."

"வெளைச்சல்?"

"ஒரு கொறவும் கெடையாது."

"அவ்வளவுதான். உங்க மகளுக்கு வரப்பு ஒரு இடத்துல கோணி இருக்கு. தண்ணி ஒழுங்காப் பாயுது. நீங்க குடையை மறக்கதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. குடைன்னா எல்லாரும்தான் மறப்பாங்க."

தாணுலிங்கத்துக்கு அழுகை வந்தது. டாக்டர் முன்னால் அழுவதா என்று துவர்த்தால் முகத்தைத் துடைத்தார். பத்து முடிச்சும் முகத்தில் உரசியது.

டாக்டர் எழுதித் தந்த கடிதத்தைச் சங்கத்தில் கொடுத்தார்கள். பத்தாம் நாள் சங்கத்தின் பதில் வந்தது. அது இப்படி இருந்தது: "தாங்கள் சமர்ப்பித்த மருத்துவர் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. அதில் மாற்றம் இல்லை என்று எங்கும் குறிப்பிடப்படவில்லை. பாதிப்பு இல்லை என்றே குறிப்பிடப்பட்டுள்ளது. எனவே மாற்றம் இருப்பதை மருத்துவரும் ஒப்புக்கொள்கிறார். மேலும், பாதிப்பு இல்லாத ஒன்றைப் பற்றி, பாதிப்பு இல்லை என்று ஒரு மருத்துவர் கையெழுத்திட்டு எழுத வேண்டிய அவசியம் ஏன் ஏற்பட்டது என்பது செயற்குழுவின் கவலையை அதிகரித்துள்ளது. ஆகவே பெண்ணின் ஞாபகசக்தியை நேரில் பரிசோதிப்பது என்று தீர்மானிக்கப்பட்டுள்ளது."

பரிசோதனை ஆடி மாதம் இரண்டாம் ஞாயிறு, மண்டபத்தில், பொதுக்குழு முன்னிலையில். ஏறக்குறைய இருநூறு பேர் வந்திருந்தார்கள். வடை இருந்தது. பிரதீஷ் கடைசி வரிசையில் உட்கார்ந்து, காற்றாலை உச்சியில் நிற்கிறவன் கீழே பார்க்காமல் இருப்பது போல ஹரிதாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதேவன் ஜோசியரையும் சேர்த்துச் செயற்குழுவினர் பதினொரு பேரும் மேடையில். சுவரில் அவர்கள் தலைக்கு மேலே ஸ்தாபகர்கள் படங்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "இது யாரையும் புண்படுத்த இல்லை. அறிவியல் பூர்வமான பரிசோதனை. ஹரிதா மக்களே, நம்ம சங்கத்தை நிறுவின பெரியவங்க யாரெல்லாம்னு சொல்லு பாப்போம்."

ஹரிதா தலைவரின் முகத்தைப் பார்த்தபடியே ஏழு பேரைச் சொன்னாள்.

தலைவர் விரல் மடக்கி எண்ணினார். "ஆறு பேருதானே? ஏழு சொல்லிட்டியே."

"ஏழு மாமா."

தலைவர் செயற்குழுவைப் பார்த்தார். செயற்குழு தலைவரைப் பார்த்தது. ஆறு என்று தலையசைத்தது. "ஆறுதான். கடைசியா ஒரு பேரு நீயாச் சேத்துட்ட."

"கடைசிப் படம் உங்க அப்பா மாமா."

பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. தலைவர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். படம் அவரைப் பார்த்தது. ஜாடை அப்படியே இருந்தது, சால்வை மட்டும்தான் இல்லை. தலைவர் நிதானம் இழக்காமல் அஜிதாவிடம் சொன்னார். "குறிச்சுக்கோ மக்கா. பெண்ணுக்குத் தேவைக்கு அதிகமான ஞாபகம் இருப்பதாகத் தெரியவருகிறது. இதுவும் ஆராயப்பட வேண்டியது."

அப்போதுதான் தாணுலிங்கம் எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை. சண்டை போடும் எண்ணமும் அவருக்கு இல்லை. விளங்காததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் எழுந்தார்.

"அண்ணாச்சி, ஒரு சம்சயம். பத்துப் பொருத்தம் பாக்கதுன்னா, பாக்கிய ஜோசியருக்கும் ஒரு ஜாதகம் உண்டு. நமக்கும் உண்டு. இந்தப் பதினோராம் பொருத்தம் பாக்கிய உங்க பதினோரு பேருக்கும் எச்சில் எடுத்துப் பாத்தாச்சா?"

"எங்களுக்கு எதுக்குவே? நாங்க கல்யாணம் ஆனவங்க."

"இல்ல அண்ணாச்சி. உங்க கையால தாலி எடுத்துக் கொடுக்கிய. அந்தக் கையில ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா எங்களுக்கும் ஒரு ஆறுதலா இருக்குமே."

பெண்கள் பக்கத்தில் இருந்து, "அதானே!" என்று ஒரு குரல் வந்தது. அது பார்வதியம்மாள் குரல் போல இருந்தது.

தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கா? மூணு தலைமுறை சுத்தம் ஓய். அடுத்த ஞாயிறே பாத்துக்கிடலாம்."

அடுத்த ஞாயிறு எச்சில் வழங்கும் விழா நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். நாகசுரம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு செயற்குழு உறுப்பினரும் பெயர் அழைக்கப்பட்டு மேடைக்கு வந்து, பொன்னாடை போர்த்தப்பட்டு, குழாயில் துப்பினார். துப்பும்போது நாகசுரக்காரர் ஊதுவதா நிறுத்துவதா என்று தெரியாமல் தவித்தார். தலைவருக்கு வாய் வறண்டு எச்சில் வரவில்லை. எதிரில் நின்று ஒருவர் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து காட்டிய பிறகு வந்தது. எல்லாம் போட்டோ எடுக்கப்பட்டு வாட்ஸப் குழுவில் போடப்பட்டது. கீழே எண்பத்தாறு பேர் கை கூப்பியிருந்தார்கள்.

ஆவணி பிறந்து மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. பதினொரு பேருக்கும் மாற்றங்கள் இருந்தன. எல்லாமே பாதிப்பில்லாதவை. செயலாளருக்கு இரண்டு. மாதேவன் ஜோசியருக்கு ஐந்து. தலைவருக்கு மூன்று, அதில் ஒன்று ஹரிதாவுக்கு இருந்த அதே மறதி மரபணுவில்.

மூன்று நாள் சங்க அலுவலகத்தின் கதவு திறக்கவில்லை. நாலாம் நாள் திறந்தபோது ஒரு புதிய தீர்மானம் வெளியே வந்தது. பொதுக்குழுவை அவசரமாகக் கூட்டித் தலைவர் பேசினார்.

"பெரியோர்களே! அறிவியல் வளர வளர உண்மைகள் வெளிவரும். இதுவரைக்கும் மாற்றம் என்றால் தோஷம் என்று சில பேர் தவறாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சில பேர் யார் என்பதை நான் சொல்ல விரும்பவில்லை. சங்கம் ஆராய்ந்து பார்த்ததில் அது யோகம் என்று தெரியவந்திருக்கிறது. எனக்கு மூன்று யோகம். அதில் ஒன்று பதினான்கில் நிற்கிறது."

மாதேவன் ஜோசியர் மைக்கை வாங்கினார். "பதினாலு. பன்னிரண்டு போக ரெண்டு. ரெண்டாம் வீடு, வாக்கு ஸ்தானம். தலைவருக்கு இந்தப் பேச்சு எங்க இருந்து வந்துதுன்னு இப்பம் வெளங்குகா?"

கைதட்டல் விழுந்தது. தாணுலிங்கமும் தட்டினார். மகள் கல்யாணம் நடந்துவிடும் என்று நினைத்துத் தட்டினார். தட்டி முடிப்பதற்குள் தலைவர் அடுத்த காகிதத்தை எடுத்தார்.

"ஆனால் ஒரு வருத்தம். ஹரிதாவுக்கு யோகம் இருக்கு. பிரதீஷுக்கு நூற்றியெட்டில் ஒன்று கூட இல்லை. யோகம் உள்ள பெண்ணை, ஒரு யோகமும் இல்லாத பையனுக்குக் கொடுக்கச் சங்கத்துக்கு மனசு வரவில்லை."

பிரதீஷின் அப்பா தலையில் கை வைத்தார். ஒரு மாதத்துக்கு மேலாகத் தங்கம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார் பாவம். பிரதீஷ் எழுந்து நின்றான். ஹரிதாவும் எழுந்து நின்றாள். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

"சார்" என்றாள் அஜிதா.

"டைப் அடி மக்கா."

"அடிக்க மாட்டேன் சார்." அவள் எழுந்து மேடைக்கே வந்துவிட்டாள். "அது பிரதீஷுக்க ரிப்போர்ட் இல்ல. ரிப்போர்ட் எப்படி இருக்கும்னு காட்ட லேப்ல இருந்து மொதல்ல அனுப்பின மாதிரிப் படிவம். ஆளு பேரு வரிய எடத்துல பெயர்னு மட்டும்தான் போட்டிருக்கு, பாருங்க. அன்னைக்கே சொல்ல வந்தேன். பிரதீஷுக்க ஒறிஜினல் ரிப்போர்ட் உங்க மேசை டிராயருல கெடக்கு. ஒட்டுன கவரை இன்னும் ஆரும் பிரிக்கல்ல."

கவரைக் கொண்டுவந்து பிரித்தார்கள். பிரதீஷுக்கு நாலு மாற்றம். நாலும் பாதிப்பில்லாதவை. ஆக, நாஞ்சில் நாட்டில் ஒரு மாற்றமும் இல்லாமல் சுத்தமாக இருந்தது அந்த மாதிரிப் படிவம் ஒன்றுதான். தலைவரை விட மகனுக்கு ஒரு யோகம் கூடுதல் என்று பிரதீஷின் அப்பா அங்கேயே சொல்ல ஆரம்பிக்க, அந்தப் பேச்சை நிறுத்தவே சான்றில் சட்டென்று முத்திரை விழுந்தது.

கல்யாண நாள். மண்டப வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். சங்கத்தின் முதல் மரபணு யோகத் திருமணம் என்று எழுதி, நடுவில் மரபணுவின் முறுக்குப் படம் போட்டிருந்தார்கள். ஃப்ளெக்ஸ்காரர் மரபணுவை எங்கே கண்டார்? இரண்டு பாம்பு பின்னிக்கொண்டிருக்கிற மாதிரி வரைந்திருந்தார். வந்த பெண்கள் நாகராஜா என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருத்தி பால் வாங்கி வந்து ஊற்றலாமா என்று கூடக் கேட்டாள்.

தாணுலிங்கம் பட்டு வேட்டி, நேரியல் எல்லாம் கட்டி, தோளில் அந்தப் பழைய துவர்த்தையும் போட்டிருந்தார். பொண்ணுக்கு அப்பன் நிக்கிய லெட்சணமா இது என்று பார்வதியம்மாள் வைதாள். அவர் கழற்றவில்லை.

பத்தேகாலுக்கு முகூர்த்தம் முடிகிறது. ஒன்பதே முக்காலுக்குத் தலைவர் மைக்கைப் பிடித்தார். மறதி என்பது நம் சமுதாயத்தில் யாருக்கும் கிடையாது என்று ஆரம்பித்தார். முன்னோர் மறக்கவில்லை, நாமும் மறக்கவில்லை, இனி வருகிறவர்களும் மறக்க மாட்டார்கள் என்றார். ஸ்தாபகர்கள் ஆறு பேரையும் நினைவுகூர்ந்தார். ஹரிதா மணையில் இருந்தபடியே நிமிர்ந்து ஏழாவது படத்தைப் பார்த்தாள். பத்து மணி எட்டு நிமிஷத்துக்குப் பேச்சு முடிந்தது. நாகசுரக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராகக் கண்ணைக் காட்டினார்.

தலைவர் இடுப்பைத் தடவினார். சட்டைப் பையைத் தடவினார். சால்வையை உதறிப் பார்த்தார். இரும்புப் பெட்டியின் சாவி நேற்றுப் போட்டிருந்த சட்டையில் இருந்தது. அந்தச் சட்டை அஞ்சுகிராமத்தில் அவர் வீட்டுக் கொடியில் இருந்தது. தாலி பெட்டிக்குள் இருந்தது.

யாரோ காரை எடுக்கச் சொன்னார்கள். போய்வரவே முக்கால் மணி நேரம் ஆகும் என்று யாரோ சொன்னார்கள். செயற்குழு உடனே கூடி, பெட்டியை உடைக்கலாமா, உடைப்பதற்குத் தீர்மானம் வேண்டுமா என்று விவாதிக்க ஆரம்பித்தது. தீர்மானம் வேண்டும் என்று ஆறு பேர் சொன்னார்கள். பத்து மணி பதினொரு நிமிஷம்.

தாணுலிங்கம் துவர்த்தைத் தோளில் இருந்து எடுத்தார். முடிச்சுகளைத் தடவிக்கொண்டு வந்தார். தேங்காயோ, தவிடோ, பத்து முடிச்சு எதற்கு என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. பதினோராவது முடிச்சு மட்டும் சான்று கைக்கு வந்த அன்று சாயங்காலம் போட்டது. மறதிக்காரன் நான், நாளைக்கு என்னால் ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று பயந்து, வடசேரிச் சந்தையில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டும் தாலிக்கயிறும் வாங்கிக் கோத்து உள்ளே வைத்துக் கட்டியது. அந்த ஒரு முடிச்சு எதற்கு என்பது அவருக்கு ஒரு நிமிஷம் கூட மறந்ததில்லை.

பல்லால் கடித்து அவிழ்த்தார். துவர்த்தெல்லாம் மஞ்சள் அப்பியிருந்தது. "இந்தா மக்கா" என்று பிரதீஷிடம் நீட்டினார்.

தலைவர் இடையில் பாய்ந்து அதை வாங்கி, வழக்கப்படித் தன் கையால் பிரதீஷிடம் கொடுத்தார். "சங்கத்தின் முன்யோசனை!" என்று மைக்கில் சொன்னார். அதற்குள் மேளம் முழங்கிவிட்டதால் யாருக்கும் கேட்கவில்லை. பிரதீஷ் கட்டினான். ஹரிதா மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அப்பாவின் துவர்த்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். தாணுலிங்கத்துக்கு அந்த நிமிஷத்தில் எல்லாப் பயமும் போய்விட்டது. வரப்பு எவ்வளவு கோணியிருந்தால் என்ன, தண்ணீர் பாய்ந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து, விதைக்கடையில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தாணுலிங்கத்தின் போன் அடித்தது. தலைவர்.

"தாணு, நல்ல சேதி ஓய்! உம்ம மகளுக்கு வரன் கெடைச்சாச்சு. அதே மரபணு, அதே மாற்றம். இரணியல் பையன், பேரு சுஜித். சங்கம் தேடாத ஊரு இல்ல பாத்துக்கிடும்."

தாணுலிங்கம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, மகளுக்குக் கல்யாணம் ஆயாச்சு."

"ஆயாச்சா? எங்களுக்குச் சொல்லவே இல்லியே? எங்க வச்சு?"

"நம்ம மண்டபத்துலதான்."

"ஆரு தலைமை?"

"நீங்கதான்."

தலைவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நல்லா நடந்துதா?"

"நல்லா நடந்துது அண்ணாச்சி." தாணுலிங்கம் துவர்த்தால் முகத்தைத் துடைத்தார். மஞ்சள் கறையோடு அது முடிச்சு ஒன்றும் இல்லாமல் நீளமாகத் தொங்கியது. "அண்ணாச்சி, உங்க சால்வை இப்பம் தோளுல கெடக்கா?"

"கெடக்கு. எதுக்குக் கேக்கீரு?"

"அதுக்க நுனியில ஒரு முடிச்சு போட்டு வச்சுக்கிடுங்க."

போனை வைத்துவிட்டு நெல் விதை கேட்டு வந்தவரைக் கவனிக்கப் போனார். சால்வை எதற்கு என்று ஒருவழியாக அவருக்கு விளங்கிவிட்டது.